எண்ணூரில் ஒன்பது செம்மறி

சென்னைக்கு ஆடு பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "மெட்ராஸ்ல ஆட்டைத் தட்டுல தானுங்க பார்க்க முடியும்" என்றார். எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். ஆனால் நம் மனசில் இருப்பதை இன்னொருத்தர் வாயால் கேட்டால் கோபம் வருகிறதே, என்ன செய்ய?

காங்கயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலி போட்டு அடைத்த மேய்ச்சல் காடு. காலையில் படலைத் திறந்து செம்மறிகளை உள்ளே விட்டால் சாயங்காலம்தான் திரும்பிப் பார்ப்போம். எங்கள் ஆடு வளர்ப்போர் சங்கம் ஒரு கோரிக்கை மனு தயார் செய்ய நினைத்து, ஆடு வளர்ப்பவர்களின் சிரமங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லி ஆளுக்கொரு திசையாக அனுப்பியது. என் தங்கை மகள் டோல்கேட் பக்கம் குடியிருக்கிறாள் என்ற ஒரே குற்றத்துக்காக வடசென்னை என் தலையில் விழுந்தது. கையில் அச்சடித்த படிவம் ஒரு கட்டு. முதல் கேள்வியே, "மேய்ச்சல் நிலம் எவ்வளவு? சொந்தமா, குத்தகையா?"

புதன்கிழமை காலை ராயபுரத்தில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கினால், நின்றிருந்த லாரியின் மேல் ஒரு வெள்ளாடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. கீழே இன்னும் இரண்டு, சுவரில் ஒட்டியிருந்த கட்சி போஸ்டரை ஓரத்திலிருந்து உரித்துத் தின்றுகொண்டிருந்தன. மைதாப் பசையின் ருசி போலிருக்கிறது. தலைவர் முகத்தில் பாதி காணோம். பஸ்ஸில் சிரித்த அந்த ஆளை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மூன்றுக்கும் சொந்தக்காரி ரோஸி. மாதா கோயில் தெருவில் ஓர் அறை வீடு, கணவர் ரயில்வேயில் வேலை. மொத்தம் ஆறு வெள்ளாடு. நான் படிவத்தை எடுத்து முதல் கேள்வியைப் படித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மேய்ச்சல் நெலமா? ராயபுரம் ஃபுல்லா எழுதிக்கக்கா. சொந்தம்னே போட்டுக்க!"

"ஏனுங் அம்மிணி, ஆரு மேய்க்கிறதுங்?"

"மேய்க்கறதா? நாங்க இன்னாத்துக்கு மேய்க்கணும்? காத்தால அவுத்து வுட்டா அதுங்களே டூட்டிக்குப் போவும். சாயங்காலம் கோயில் மணி அடிச்சா அதுங்களே வூட்டுக்கு வந்துடும். என் வூட்டுக்காரர வுட கரெக்டு டைமு."

நம்பவில்லை. சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கோயில் மணி அடித்தது. தெருமுனையில் ஆறு தலை தெரிந்தது. ஆறின் கொம்பிலும் ரோஸ் கலர் நகப்பூச்சு. பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு நீலம். ஒரே தெருவில் பத்து வீட்டு ஆடு சுற்றும்போது யாருடையது எது என்று தெரிய வேண்டாமா? எங்கள் பக்கம் காதில் வெட்டுப் போடுவோம். இங்கே வீட்டுக்கு ஒரு சாயம். ஆட்டுக்கு வலியில்லாத வேலை என்று மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சுதல் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

சிரமங்களை ரோஸி கடகடவென்று சொன்னாள். கண்டெய்னர் லாரியில் அடிபடுவது. வயிறு முழுக்க பிளாஸ்டிக் கவர் அடைத்துக்கொண்டு உப்பிச் சாவது. கறி தின்கிற கும்பல் ஆட்டோவில் வந்து தூக்கிக்கொண்டு போவது. "ஊசி போட வராங்களாம். எப்ப வராங்கன்னுதான் தெரிய மாட்டுது. அவங்க வர்றப்ப நம்ம ஆடு டூட்டில கீது." நான் எழுத எழுத அவள் எட்டிப் பார்த்து, "பிளாஸ்டிக்க பெருசா எழுது" என்றாள். கடைசியில், "நீ செம்மறிக்காரி. எனக்கு மீன் குடுக்கற கன்னியம்மாவப் போய்ப் பாரு. எண்ணூர்ல கீறா. பாவம், அவ ஆடுங்க செத்துகினே கீது" என்றாள்.

மறுநாள் காலை டோல்கேட்டில் இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். எங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதத்துக்கு அப்புறம் நான் மனசாரப் பாராட்டும் பதார்த்தம் இதுதான். இரண்டாம் தடவை ஊற்றச் சொன்னபோது கடைக்காரர், "இன்னா கோயமுத்தூரு, நல்லா கீதா?" என்றார். கோயமுத்தூர் இல்லை, காங்கயம் என்று திருத்தினேன். அந்த மூன்று நாளில் குறைந்தது பத்துப் பேரிடம் திருத்தியிருப்பேன். ஒருத்தர்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

எண்ணூர் போகும் சாலையில் ஷேர் ஆட்டோ நின்றது நின்றதுதான். முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரிகள். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி டீ குடித்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி இறங்கிப் போனார். "இது எப்பங் நகரும்?" என்று கேட்டேன். "ஹார்பர்ல கப்பல் நவுந்தா இது நவுரும்" என்றார். எங்கள் ஊரில் ஆட்டு மந்தை ரோட்டைக் கடக்க இரண்டு நிமிஷம் ஆனாலே கார்க்காரர்கள் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்குவார்கள். அவர்களை இங்கே ஒரு வாரம் விட வேண்டும்.

கன்னியம்மாவின் வீடு முகத்துவாரத்துக்குப் பக்கத்து மீனவர் குப்பத்தில். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சாம்பல் தண்ணீர் போகும் குழாய்கள், தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அவளுக்கு நாற்பது வயசிருக்கும். காலையிலேயே மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போட்டோ எடுக்க வந்தியா?"

"இல்லீங்."

"சாம்பல போட்டோ எடுத்துகினு போனவங்க நெறய பேரு. திரும்ப வந்தவங்க ஒருத்தரும் இல்ல. இன்னா வோணும்?"

"நானும் ஆடு வெச்சிருக்கறனுங் அம்மிணி. மேச்சேரிச் செம்மறி. உங்க ஆட்டைப் பார்க்கோணும்."

அதற்குத்தான் முகம் இளகியது. "குந்து" என்று மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள்.

கொட்டகை வீட்டுக்குப் பின்னால். பழைய பிளெக்ஸ் பேனர்தான் கூரை, மீன் பெட்டிப் பலகைதான் சுவர். உள்ளே சிவப்புச் செம்மறி ஒன்பது. இந்தப் பக்கத்து மண்ணுக்கே உரிய சாதி. கட்டுமஸ்தான உடம்பு, உப்புக் காற்றுக்கும் வெயிலுக்கும் அசராதது. ஆனால் நான் பார்த்த ஒன்பதும் அசந்துதான் நின்றன. முதுகில் அடர்ந்த சிவப்பில் ஆளுக்கொரு பட்டை அடித்திருந்தது. அடித்து மாதக் கணக்காகிறதாம், ஆனால் நேற்று அடித்தது மாதிரி பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் இரண்டு வெள்ளாடுகள் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தன.

"பதினாலு கீந்துது. ஒரு மாசத்துல அஞ்சு பூடுச்சு" என்றாள் கன்னியம்மா. "காத்தால தீனி எடுக்காது. கண்ணு மஞ்சளாவும். மூத்திரம் டிகாஷன் கலர்ல போவும். ரெண்டு நாளு. அவ்ளோதான்."

"ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகலீங்களா?"

"எந்த ஆட்டோக்காரன் ஆட்ட ஏத்துவான்? ஒண்ண நடத்தி இஸ்துகினு போனேன். பாதி வழில பூடுச்சு." ஒரு சினை ஆட்டின் தாடையைத் தூக்கிக் காட்டினாள். "இது டீச்சரு. முன்னாடி இது நடந்தா மத்ததுங்க லைன் கட்டிகினு பின்னாடி போவும். நேத்துலர்ந்து இதுவும் சரியில்ல."

இதெல்லாம் எதனால் என்று கேட்டேன். அவள் கையை நீட்டிப் புகைபோக்கியைக் காட்டினாள். "வேற இன்னா? புல்லு மேல சாம்பலு, தண்ணில சாம்பலு. நம்ம நெஞ்சுலயே கீது, ஆட்டு நெஞ்சுல இருக்காதா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிவத்தில் பேனா கிழிக்கிற அளவுக்கு அழுத்தி, 'சாம்பல்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"எல்லாத்தையும் குடுத்துடப் போறேன்" என்றாள் அவள். "புளியந்தோப்பு கறிக்கட பாஷா பாயாண்ட சொல்லிட்டேன். சனிக்கெழம வண்டி வரும். நல்லா கீறத மட்டுந்தான் எடுப்பேன்னு சொல்லிட்டாரு. மிச்சம் இன்னாவோ, நாந்தான் பொதைக்கணும்."

"அப்புறம் மறுபடி வாங்கிக்குவீங்களா?"

அவள் டீச்சரின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "கடலு என் வூட்டுக்காரருது. படகு அவரு அண்ணனுது. வூடு மாமியார் பேர்ல கீது. இந்த ஆடுங்க மட்டுந்தான்க்கா என்னுது. ஒரு குட்டில ஆரம்பிச்சேன். இது போச்சுனா மறுபடி ஆரம்பிக்கற தெம்பு எனக்கு இல்ல." அழவில்லை. அவள் அழாததுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று மத்தியானம் அவள் போட்ட சுறாப்புட்டு அத்தனை ருசி. ஆனாலும் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

திரும்பும் வழியெல்லாம் ஒன்று என்னைக் குடைந்தது. அந்த இரண்டு வெள்ளாடும் அதே சாம்பலில்தானே சுற்றுகின்றன? அதுகளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

வெள்ளிக்கிழமை காலை காசிமேட்டுக்குப் போனேன். கன்னியம்மாவின் கணவர் குமார் அங்கே விசைப்படகுகளுக்கு வர்ணம் பூசும் வேலையும் செய்கிறார், அவருக்கும் ஆடு விஷயம் கொஞ்சம் தெரியும், பார்த்துப் பேசு என்று அவள்தான் சொல்லியிருந்தாள். துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. ஏலக் கூச்சல், ஐஸ், மீன் தண்ணீர். "வழி வுடு வழி வுடு, பெரிம்மா, கால நவுத்து!" என்று ஒரு தள்ளுவண்டி என் புடவையில் பாதியை நனைத்துக்கொண்டு போனது. கடைசியில் கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு படகின் வயிற்றடியில் குமாரைக் கண்டுபிடித்தேன். நீண்ட பிரஷ்ஷால் படகின் அடிப்பாகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார். பார்த்ததும் நின்றுவிட்டேன். அதே அடர்ந்த சிவப்பு.

"இதைத்தானுங்க ஆட்டுக்கும் அடிச்சீங்களா?"

"ஆமாக்கா" என்றார் பெருமையாக. "பக்கத்து வூட்டு ஆட்டோட கலந்துடுதுன்னு சொன்னா. சாதா பெயிண்ட்டு மழைல பூடும். இது வருஷக் கணக்கா தண்ணிக்குள்ளாறயே கெடக்கற அடிப்பெயிண்ட்டு. மழைக்கெல்லாம் அசையுமா? மிச்சம் கீறத எடுத்துகினு போய் அடிச்சேன். காலி டப்பாவயும் வேஸ்ட் பண்ணல. நாலஞ்சு டப்பாவ ரெண்டா அறுத்து அதுலதான் தவுடு ஊற வெக்கறா."

"இதைப் படகுக்கு எதுக்குங்க அடிக்கறீங்க?"

"சிப்பி ஒட்டாம இருக்கத்தான். ஒட்டுச்சுனா படகு வேகமா போவாது, டீசலு ஜாஸ்தி குடிக்கும்."

"அதென்னங்க, பெயிண்ட் அடிச்சா சிப்பி ஒட்டாதா?"

"எப்பிடி ஒட்டும்? உள்ள செம்பு கீதுல்ல. ஒட்டுனா செத்துடும்."

அந்த மீன் நாற்றத்துக்கு நடுவில் எங்கள் ஊர் கால்நடை டாக்டரின் குரல் காதுக்குள் கேட்டது: "செம்மறிக்குச் செம்பு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களாம்மா?"

அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால், மாட்டுக்குக் கொடுக்கும் தாது உப்பு மூட்டையாகக் கிடக்கிறதே, ஆட்டுக்கும் கொடுத்தால் நன்றாகத் தேறுமே என்று நானாக ஒரு யோசனை பண்ணி இரண்டு மாசம் தவிட்டில் கலந்து வைத்தேன். மாட்டு உப்பில் செம்பு உண்டு. மாடு தாங்கும், வெள்ளாடும் ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் ரத்தத்தையே உடைத்துவிடும். கண் மஞ்சள். மூத்திரம் டிகாஷன். ஏழு ஆடு போயின. ஊரில் ஆட்டுக்கொல்லி நோய் என்று சொல்லிவிட்டோம். என் வீட்டுக்காரருக்கும் டாக்டருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அத்தனை தெரிந்தவள்தான் நேற்று அந்த டிகாஷன் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு, சாம்பல் என்று அடிக்கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நான் விஷயத்தைச் சொன்னதும் குமார் உடனே கன்னியம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கன்னியம்மா சீறினாள். "பெயிண்ட்டா? போய்யா அப்பால! ஆடு என்னுது, உன் பெயிண்ட்ட நீ பாரு. பாய்க்கு ஞாயித்துக்கெழம யாவாரமாம், இன்னிக்கே வந்துகினு கீறாரு. வை போன!"

"கோயமுத்தூரு, நீ வந்து சொன்னாத்தான் கேப்பா" என்றார் குமார். அவர் பைக்கில் ஏறினேன். ஏறும்போது இருந்த தைரியம் திருவொற்றியூர் தாண்டும்போது இல்லை. மறுபடி அதே லாரி வரிசை. பைக்கைக்கூட நுழைக்க முடியாத இடம் வந்ததும் நான் இறங்கிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். அரை மைல் நடந்திருப்பேன். இரண்டு கண்டெய்னருக்கு நடுவில் குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்று அகப்பட்டு நின்றது. பின்னால் காலி, ஆட்டுப் புழுக்கை. பக்கத்தில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருத்தர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பாஷா பாயுங்களா?"

"ஆமாம்மா. நீ யாரு?"

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "ஈரல்லயா சேருது? அல்லாவே. நான் அந்த ஈரல எடுத்து யாருக்கு விப்பேன்? எனக்கு வோணாம்மா. ஆனா வண்டி வந்துகினுதான் கீது. அந்தப் பொண்ணுக்கு வண்டியாவது தேவப்படும்." இரண்டு நாளாக நான் திட்டித் தீர்த்த அந்த லாரி நெரிசலுக்கு அங்கேயே ஒரு கும்பிடு போட்டேன்.

கொட்டகையில் கன்னியம்மா ஒன்பதையும் கயிற்றில் கட்டி வைத்திருந்தாள். நான் நேராகப் போய் ஒரு டப்பாவிலிருந்த தவிட்டுத் தண்ணீரைக் கொட்டி, விரலால் உள்ளே வழித்துக் காட்டினேன். விரல் முழுக்கச் சிவப்பு.

"வெள்ளாடு இதுல குடிக்குதுங்களா?"

"அதுங்க எங்க குடிக்கும்? டீக்கடையாண்ட போய்த் தின்னுட்டு..." பாதியில் நிறுத்தினாள். டப்பாவைப் பார்த்தாள். வரிசையாக இருந்த மற்ற டப்பாக்களைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானே வெச்சேன்க்கா. வேளா வேளைக்கு என் கையாலயே ஊற வெச்சேன்." இப்போது அழுதாள். நேற்று சேர்த்து வைத்ததும் சேர்ந்து வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து என் ஏழு ஆட்டுக் கதையைச் சொன்னேன். நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, முன்தினம் பார்த்துப் பழகிய ஒருத்தியிடம். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஏழா?" என்றாள். "ஏழுங்." "என்னுத வுட ரெண்டு ஜாஸ்தி" என்றாள். அழுகையோடு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பும் வந்துவிட்டது. அப்போதுதான் உள்ளே வந்த குமார் எங்களைப் பார்த்து மிரண்டுபோய் வாசலிலேயே நின்றார்.

லாரிகள் ஒருவழியாக நகர்ந்து, குட்டி யானை வந்து சேர்ந்தது. பாய் பலகையைச் சாய்த்துப் போட்டார். டீச்சர் முன்னால் ஏறியது, மற்ற எட்டும் வரிசையாகப் பின்னால் ஏறின. "வெட்டறதுக்கு ஏத்தற வண்டில வைத்தியத்துக்கு ஏத்தறேன். மொத தபா" என்றார் பாய்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண் இமைகளை விரித்துப் பார்த்தார், டப்பாவை முகர்ந்து பார்த்தார், குமாரை ஒரு பார்வை பார்த்தார். செம்பாகத்தான் இருக்கும், ரத்தம் அனுப்பிப் பார்த்துவிடலாம், மருந்தை இன்றே ஆரம்பிக்கலாம் என்றார். "சாம்பல் நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்தச் சாவுக்கு இந்த டப்பா போதும். முதுகுல இருக்கிற முடியையும் கத்தரிச்சு எடுத்துடுங்க. எல்லாம் பிழைக்கும்னு வாக்குக் கொடுக்க முடியாது." எல்லாம் சாகும் என்றும் அவர் சொல்லவில்லை. அன்றைக்கு அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம்.

வீடு வந்து மூன்று வாரமாகப் படிவங்களைத் தொடவில்லை. கன்னியம்மாவின் தாளில் என்ன எழுதுவது? சாம்பல் என்று எழுதியதை அடிக்கப் போவதில்லை, அது அங்கே இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே பெயிண்ட் என்று எழுதினால், கூட்டத்தில் நாலு பேர் அவளைத்தானே பேசுவார்கள்? சங்கக் கூட்டத்துக்கு முந்தின நாள் அவளே போன் செய்தாள். ஒன்று போய்விட்டதாம். மிச்சம் எட்டும் தீனி எடுக்கிறதாம்.

"கோயமுத்தூரு, அந்தப் பேப்பர்ல என் மேட்டர எழுதினியா?"

"இல்லீங் அம்மிணி. எழுதட்டுங்களான்னு..."

"எழுதுக்கா! நானே தெரு ஃபுல்லா சொல்ட்டேன். எங்க குப்பத்துல இன்னும் நாலு வூட்ல அதே டப்பாதான். எல்லாத்தையும் புடுங்கிக் கடாசிட்டோம். இப்ப அடையாளத்துக்கு வலைக் கயிறு. எங்கள்ல வூட்டுக்கு ஒரு முடிச்சு கீது, வலைய வெச்சே இன்னாருதுன்னு சொல்லிடுவோம். அத்தயே ஆட்டுக் கழுத்துல போட்டா முடிஞ்சுச்சு. இது மொதல்லயே தோணல பாரு."

அவளுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கத்தல் கேட்டது.

"அது ஆருங்?"

"டீச்சர் பெத்தது. காத்தாலதான். பொட்டக் குட்டி." குட்டி மறுபடி கத்தியது. "இப்பத்தான் எங்க வூட்டு முடிச்சு போட்டேன்க்கா. என் கையால."

போனை வைத்துவிட்டுப் படிவக் கட்டை எடுத்தேன். கன்னியம்மாவுடையதை முடித்தேன். பிறகு ஒரு புதுத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். சிரமங்கள் என்ற இடத்தில், என் தப்பால் ஏழு செம்மறி செத்தன, ஊருக்கு ஆட்டுக்கொல்லி என்று பொய் சொன்னேன் என்று எழுதினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை நாளைக்கு எல்லார்த்துக்கும் முன்னால படிக்கப் போறியா?" என்று கேட்டார். முதலில் இதைத்தான் படிக்கப் போகிறேன் என்றேன்.